முள் குத்தாத மனிதன்



மனிதனை வீழ்த்துவது வெளிப்பகையா, உட்பகையா? உட்பகையே என்பது எங்கள் அணி. வள்ளுவரின் உட்பகை அதிகாரத்தை எனக்கு முன்னால் பேசிய தோழர் முழுசாகச் சொல்லி முடித்துவிட்டார். எனக்கு மிச்சம் வைக்கவில்லை. (சிரிப்பு) அதனால் நான் லண்டனுக்குப் போகிறேன்.

பி.பி.சி.யில் 'டாக்டர் ஹூ' என்று ஓர் அறிவியல் கற்பனைத் தொடர். 1965 அக்டோபர் 9-ஆம் தேதி ஓர் அத்தியாயம் காட்டினார்கள். எழுதியவர் டெர்ரி நேஷன். டாக்டர் பெயரில் தொடர்; அந்த வாரம் டாக்டரே வரவில்லை! மூன்றே பேர், கெம்பல் என்ற கிரகத்திலே மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே வார்கா என்று ஒரு செடி. பார்வைக்குச் சப்பாத்திக்கள்ளி மாதிரி. மேலெல்லாம் வெள்ளை ரோமம், முள். வேரை இழுத்து இழுத்து நகரும். பாதிச் செடி, பாதி மிருகம். இதை ஆயுதமாக உருவாக்கியவர்கள் டாலெக்குகள். உலோகக் கூட்டுக்குள்ளே இருந்துகொண்டு, கண்டவரைச் சுட்டுத் தள்ளுகிற கூட்டம்.

கையிலே துப்பாக்கி இருக்கிறவனுக்குச் செடி எதற்கய்யா? அங்கேதான் சூது. வார்காவின் முள் குத்தினால் ஆள் உடனே சாவதில்லை. விஷம் மூளைக்கு ஏறும். நியாயம், நட்பு எல்லாம் போய், கொல்ல வேண்டும் என்ற வெறி ஒன்றுதான் மிஞ்சும். பிறகு அவனே ரோமம் முளைத்து ஒரு வார்காவாக நிற்பான்! நுழைந்தவனைக் கொல்லக் காவலாளி வேண்டாம். பக்கத்தில் நிற்கிற சிநேகிதனே போதும்.

கார்வி என்பவருக்கு முள் குத்தியது. கொல்ல வந்தார். மார்க் கோரி அவரைச் சுட்டார். அடுத்து லோவரி, அவர் கையிலும் முள். அவரையும் கோரியே சுட்டார். கடைசியில் கோரியை டாலெக்குகள் கொன்றன. நடுவர் அவர்களே, கணக்குப் போடுங்கள். செத்தவர் 3. எதிரி கொன்றது 1. தோழன் கொன்றது 2! (கைதட்டல்)

"விதைத்தவன் டாலெக்தானே?" என்று எதிரணித் தலைவர் தலையாட்டுகிறார். சரி ஐயா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். கோரியை முள் குத்தவே இல்லை. மூளை தெளிவாக இருந்தது. வேறு வழியில்லை என்றுதான் சுட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனாலும் இரண்டு தோழர்களைச் சுட்ட கை, விஷம் ஏறாத கை! சந்தேகம் ஒன்று போதுமே, முள் எதற்கு? நம் வீடுகளிலே அண்ணன் தம்பி பேசாமல் இருக்கிறார்களே, யாருக்கு எந்த முள் குத்தியது?

இன்னொன்று. அந்த அத்தியாயத்தைப் பார்க்கலாம் என்றால் மூல நாடா இல்லை. 2019-இல் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழக மாணவர்கள் மறுபடி நடித்து எடுத்தார்கள். அசல் நாடாவை அழித்தது யார், டாலெக்கா? ஒளிபரப்பிய பி.பி.சி.யேதான்! (பலத்த சிரிப்பு)

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார்.