மூடியைத் திறந்து பார்க்கும் உரிமை

(இளைஞர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



லினக்ஸ் பற்றிப் பேசச் சொன்ன தோழர்கள், "கணினி படிக்காதவர்களும் வருவார்கள், பயமுறுத்திவிடாதீர்கள்" என்றும் சொன்னார்கள். அதனால் மிதிவண்டியில் இருந்து தொடங்குகிறேன்.

செயின் கழன்றால் ஓரமாக நிறுத்தி, கையில் கிரீஸ் ஒட்டினாலும் பரவாயில்லை என்று நாமே மாட்டிவிடுகிறோம். முடியாவிட்டால் தெருமுனைக் கடைக்குப் போகிறோம். "இதைப் பிரிக்க உனக்கு அனுமதி இல்லை" என்று வண்டி செய்த கம்பெனி சொல்வதில்லை. காசு கொடுத்து வாங்கியது, நம்முடையது. ஆனால் நம் கணினிகளில் பெரும்பாலானவற்றில், உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்க முடியாது. பார்க்கக் கூடாது என்றும், படிக்காமலே நாம் 'சம்மதம்' அழுத்துகிற ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது.

இதை எதிர்த்த கதை ஒரு அச்சுப்பொறியில் இருந்து தொடங்குகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வேலை பார்த்தார். பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால், காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி அதன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார்கள். பிறகு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி வந்தது. அதிலும் தாள் சிக்கியது. திருத்தலாம் என்றால் மூல நிரல் தரப்படவில்லை. அதை வைத்திருந்த இன்னொரு பல்கலைக்கழகத்துக்காரரிடம் நேரில் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று ஒப்புக்கொண்டிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். தெரிந்த ஒன்றைச் சக மனிதனுக்குச் சொல்லக் கூடாது என்பதே விதி! ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்தில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவகத்தை எழுதினார். 1992இல் அது குனுவின் பொது உரிமத்தின் கீழ் வந்தது. யாரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால் அதன் மூல நிரலையும் அதே உரிமையோடு கொடுக்க வேண்டும். அந்த உரிமத்தின் சாரம் இதுதான்.

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இலவசத்தையும் சுதந்திரத்தையும் குறிப்பதால் அவர்கள் இதை விளக்கியே களைத்துப்போகிறார்கள். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. காசு வாங்காமல் கொடுத்துவிட்டு நம்மையே உளவு பார்க்கிற செயலி இலவசம்தான், கட்டற்றது அல்ல.

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய திட்டத்தில் அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தது. விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். நான் பார்த்த பல மடிக்கணினிகளில் அந்தப் பக்கம் திறக்கப்படவே இல்லை. மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அது எதற்கு என்று சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. பக்கத்தில் கேரளம் பள்ளிப் பாடத்தையே லினக்ஸில் நடத்துகிறது. கருவி கொடுப்பது பாதி வேலை. கூட உட்கார்ந்து கற்றுக்கொள்வது மீதி.

இன்று உலகின் முதல் 500 மீக்கணினிகளிலும் ஓடுவது லினக்ஸ். நம் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடியிலும் அதே கருவகம்தான். ஆனால் அதற்கு மேலே கம்பெனிகள் வேறு பூட்டுகளைப் போட்டு வைத்திருக்கின்றன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் இல்லாததால், நன்றாக ஓடுகிற கணினிகள் பழசாகிவிட்டன. அவை ரிப்பேர் ஆகவில்லை. பழசு என்று அறிவிக்கப்பட்டன. 4 ஜிபி ரேம் உள்ள அப்படிப்பட்ட பெட்டியில் லுபுண்டு போன்ற ஒன்றைப் போட்டால், பிள்ளைகள் தட்டச்சு பழகவும் படிக்கவும் அது இன்னும் சில வருடம் உழைக்கும்.

இதெல்லாம் கேட்டு, லினக்ஸ் உலகம் சமத்துவபுரம் என்று நினைத்துவிடாதீர்கள். கதவில் பூட்டு இல்லை என்பதும் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள் என்பதும் ஒன்றல்ல. ஆங்கிலம், சொந்தக் கணினி, கூலி இல்லாமல் உழைக்க மிச்ச நேரம் மூன்றும் இருப்பவர்களுக்கே அந்த வாசல் எளிது. இவை நம் நாட்டில் யார் வீட்டில் தலைமுறையாக இருக்கின்றன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சொற்களையே பாருங்கள். கருவிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதைக் குறிக்க 'எஜமான் – அடிமை' என்று பல காலம் எழுதினார்கள். 2020இல்தான் புதிய நிரலில் அந்தச் சொற்களைத் தவிர்க்கும்படி கருவகக் குழு வழிகாட்டியது. 2018இல் அந்தக் குழு ஏற்ற நடத்தை நெறி, பங்களிப்பாளர் உடன்படிக்கை என்ற பொது ஆவணத்தின் 1.4 பதிப்பில் இருந்து எடுத்தது. இனம், மதம், பாலின அடையாளம் எல்லாம் அதில் உண்டு, சாதி இல்லை. 2021இல் வந்த 2.1 பதிப்பில்தான் 'சாதி' சேர்ந்தது.

ஒரு சொல்தானே என்று தோன்றலாம். சாதியால் அவமதிக்கப்பட்ட ஒருவர் புகார் எழுதும்போது, விதியில் அந்தச் சொல் இருப்பதற்கும் இல்லாததற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இல்லையென்றால், சாதி என்றால் என்ன என்பதில் இருந்து அவர் விளக்க வேண்டும். நீங்கள் பங்களிக்கும் திட்டத்தின் நெறி எந்தப் பதிப்பு என்று போய்ப் பாருங்கள். பழையது என்றால் மாற்றச் சொல்லுங்கள். அங்கே திருத்தம் முன்வைக்க யாருடைய சிபாரிசும் தேவையில்லை. மூடிய கம்பெனியில் இதைக் கேட்க நமக்கு வாசலே கிடையாது.

நிரல் எழுதத் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. ஒரு மெனுவைத் தமிழாக்கலாம். எழுத்துரு உடைந்தால் பிழை அறிக்கை எழுதலாம். நம் படிப்பகத்தில் தூசி படிந்து கிடக்கும் கணினியை வரும் ஞாயிற்றுக்கிழமை திறக்கலாம். பென்டிரைவ் நான் கொண்டுவருகிறேன். ஸ்க்ரூடிரைவர் உங்களில் யாராவது எடுத்து வாருங்கள்.