அக்கரை சென்ற முதியோர்

(ஈச்சிலம்பற்றில் ஆற்றிய உரை)



வெருகல் ஆற்றங்கரையில் வயல் செய்து வாழ்ந்த மக்கள் நாம். 2006ஆம் ஆண்டுப் போரில் வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் ஓடினோம். இம்மாவட்டத்தார் வேறு சிலர் மன்னார் சென்று, படகேறி, இராமேசுவரம் சேர்ந்தனர். 1990இலும் அவ்வாறே சென்றோர் உளர்.

மொழி ஒன்று, வழிபாடு ஒன்று என்று நம்பிச் சென்றனர். அந்நம்பிக்கை வீண்போகவில்லை. தமிழக அரசு உறைவிடம் தந்தது, உதவிப் பணம் தந்தது, பிள்ளைகளைப் படிக்கவைத்தது. அந்த நன்றியை நாம் மறவோம். ஆயினும், இருபது வயதில் சென்றவனுக்கும் ஐம்பது வயதில் சென்றவனுக்கும் அக்கரை ஒன்றன்று. இளைஞன் வர்ணம் பூசும் தொழில் பழகி ஏணியில் ஏறினான். ஐம்பது வயதுக் கமக்காரன் என் செய்வான்? விதைப்புக் காலம் அறிவான். வரம்பு கட்ட அறிவான். அவ்வறிவைப் பயன்படுத்த அங்கே அவனுக்கு ஒரு முழ நிலமில்லை. மண்டபம் முகாம், முன்னொரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரை நோய்ச் சோதனைக்காக மறித்து வைத்த இடம் என்பதையும் இங்கே சொல்லிவைப்போம்.

குடியுரிமை கிடைத்ததா? இல்லை. கடவுச்சீட்டின்றி வந்தோர் சட்டவிரோதக் குடியேறிகள்; அவர்கள் குடியுரிமை கோர முடியாது என்று இந்தியா 2003இல் சட்டம் திருத்தியது. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிந்த ஈழத்தமிழருக்குத் தண்டனையில்லை என்று 2025இல் விலக்களித்தது. தண்டனை நீங்கியது, உரிமை வரவில்லை.

சரி, திரும்பி வந்தால்? 2025 மே மாதம், ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனத்தின் உதவியுடன் பலாலியில் வந்திறங்கிய எழுபது கடந்த முதியவர் ஒருவரைக் கைது செய்தார்கள்! குற்றம் என்ன? முன்னாளில் கடவுச்சீட்டின்றி நாட்டைவிட்டுச் சென்றாராம். குண்டுக்கு அஞ்சி ஓடுபவன் குடிவரவுக் கந்தோரில் வரிசையில் நின்றா ஓடுவான்?

போருக்கஞ்சிச் சென்றோர்மீது அவ்வழக்கு பாயாதபடி சட்டத்தைத் திருத்துமாறு அரசைக் கேட்கிறோம். அதுவரை நம்மால் ஆவதைச் செய்வோம். அக்கரையில் பிறந்த பேரப்பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத்தூதரகத்தில் பதியவேண்டும். அவர்கள் பெற்றோரின் பத்திரங்கள் இங்கேயே தேடி எடுக்கப்பட வேண்டியவை. காணி அனுமதிப் பத்திரங்களும் அவ்வாறே. சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இவ்வேலைக்குத் தாருங்கள். கமக்காரரே, அயல் வளவு எவருடையது, எதுவரை அதன் எல்லை என்பதை அறிந்தவர் நீங்கள். வந்து சாட்சி சொல்லுங்கள்.