முற்றமாகும் தெரு



நகரமைப்புக் கருத்தரங்கின் தலைமையுரை நீளக்கூடாது என்று அமைப்பாளர்கள் நேற்றே காதில் போட்டுவிட்டார்கள். ஒரே ஒரு குறையைச் சொல்லிவிட்டு வழிவிடுகிறேன். உங்கள் கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தேன். புதிய குடியிருப்புகளில் நடப்போருக்கும் வண்டிகளுக்கும் பொதுவான தெரு என்றால், பிளாட்பாரத்தை எடுத்துவிட்டுச் சுவருக்குச் சுவர் பேவர் பிளாக் பதிப்பது என்றே பலர் எழுதியிருக்கிறீர்கள். அது பாதி வேலைகூட இல்லை.

இந்த யோசனை வேர்பிடித்த ஊர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட். அங்கே நகராட்சிப் பொறியாளர் யோஸ்ட் வாஹ்லும் அவரோடு இருந்தவர்களும் 1960களின் இறுதியிலிருந்து செய்துபார்த்த சோதனைகளில், காரோட்டியின் கண்ணுக்கு நேராக நீளும் கோடுதான் முதலில் உடைந்தது. இந்தப் பக்கம் ஒரு மரம், பத்தடி தள்ளி எதிர்ப்பக்கம் நான்கு கார் நிறுத்துமிடம், நடுவே ஒரு மேடு. வளைந்து வளைந்து போகிறவனுக்கு வேகம் தானாகவே குறையும். இந்தத் தெருவை 'வோனெர்ஃப்' என்றார்கள். குடியிருக்கும் முற்றம் என்று சொல்லலாம். 1976இல் இதற்குச் சட்ட விதிகள் வந்தன. தெருவின் முழு அகலத்திலும் நடக்கலாம், பிள்ளைகள் விளையாடலாம், வண்டி நடைவேகத்தில்தான் போகவேண்டும். நடப்பவரும் வீம்புக்கு வழிமறிக்கக்கூடாது. குறியிட்ட இடத்தில் மட்டுமே வண்டி நிறுத்தலாம். என்னைக் கேட்டால், இந்தக் கடைசி விதிதான் மற்றவற்றுக்கு உயிர். ஜெர்மனியும் 1980இல் ஏறக்குறைய இதே விதிகளை எழுதிக்கொண்டது.

அண்மையில் நம் புறநகரில் ஒரு புதிய மனைப்பிரிவைப் பார்க்கப் போயிருந்தேன். விளம்பரத்தில் 'நடப்போருக்கே முதலிடம்' என்றிருந்தது. கேட்டிலிருந்து கடைசி வீடுவரை நூல் பிடித்தாற்போல் ஒரே நேர்த்தெரு. இருபுறமும் வீட்டுக்கு ஒன்றாகவோ இரண்டாகவோ கார். மிச்சமிருந்த நடுப்பகுதியில் தண்ணீர் லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண், இரண்டு கார்களுக்கு இடையே உடம்பைக் குறுக்கிக்கொண்டு நின்றார். சட்டப்படி விடவேண்டிய 10 சதவீதத் திறந்தவெளி ஒரு மூலையில் பூங்காவாக இருந்தது, பூட்டோடு. சாவி சங்கச் செயலாளரிடம். அவர் ஊரில் இல்லை.

பிரிட்டனில் 2007இல் வெளியான தெரு வடிவமைப்புக் கையேடு, பிளாட்பாரமில்லாத சமதளத் தெரு எங்கே எடுபடும் என்பதைத் தயங்காமல் சொன்னது: தெரு குட்டையாகவோ முட்டுச்சந்தாகவோ இருக்கவேண்டும், நெரிசல் நேரத்திலும் மணிக்கு 100 வண்டிக்குக் கீழே இருக்கவேண்டும், வண்டி நிறுத்தம் கட்டுக்குள் இருக்கவேண்டும். கடைவீதிகளிலும் அதைப் பரப்பப்போய்த்தான் சிக்கல் வந்தது. பார்வையற்றவர்களுக்குத் தெருவின் ஓரம் கைத்தடி நுனியில் தட்டுப்படும் விளிம்புக்கல்தான். அது போனபின் எங்கே நிற்கிறோம் என்றே தெரியவில்லை என்று அவர்கள் போராடினார்கள். 2018இல் அரசு அத்தகைய திட்டங்களை நிறுத்திவைக்கச் சொன்னது. வண்டி குறைவாக ஓடும் புதிய குடியிருப்புத் தெருக்களுக்கு அந்தத் தடை இல்லை என்று விளக்கமும் தந்தது. ஆனால் புதிய குடியிருப்பிலும் பார்வையற்றவர் வீடு வாங்குவார். வந்திருக்கும் சுருக்கங்கள் எதிலும் அவரைப் பற்றி ஒரு வரி இல்லை.

விளிம்புக்கல்லுக்கு நம் ஊரில் இன்னொரு வேலையும் உண்டு. மழைத்தண்ணீரை வீட்டு வாசலுக்கு ஏறவிடாமல் ஓரத்திலேயே ஓட்டிச் செல்வது அதுதான். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, வாசல் தெருவைவிடப் பள்ளமாகிப்போன வீட்டில் ஓர் ஐப்பசி மாதம் இருந்துபார்த்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. கல்லை எடுத்தால் சரிவைத் தெருவின் நடுப்பக்கம் திருப்பி அங்கே வாய்க்கால் விடலாம். அதன் மூடியில் சைக்கிள் சக்கரம் சிக்கக்கூடாது, உள்ளே கொசுவும் தங்கக்கூடாது. முதல் அமர்வின் கட்டுரையாளர் இந்தச் சரிவுக் கணக்கைத்தான் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். அவரை மேடைக்கு அழைக்கிறேன். கணக்கில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. தேநீர் வருவதற்குள் கேட்டுவிடுவேன்.