முதுகுத் தண்டு ஆபரேஷன்: செய்வதா, பொறுப்பதா?

(தோட்டத் தலைவர்கள், மாதர் கிளைத் தலைவிகள் கூட்டத்தில் சுகாதாரக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



சம்பளம், காணி, வீடு என்று பேச இவ்வளவு இருக்கும்போது முதுகைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் ஸ்கேன் உறையைக் கையில் பிடித்துக்கொண்டு சங்கக் காரியாலயத்துக்கு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். "முள்ளந்தண்டில் நரம்பு போகிற வழி ஒடுங்கிவிட்டதாம். ஆபரேஷன் என்கிறார்கள். செய்யலாமா?" என்று கேட்கிறார்கள். செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்ல நாங்கள் டொக்டர்மார் அல்ல. முடிவெடுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு. அவற்றைத்தான் இன்று பேசப் போகிறோம்.

முள்ளந்தண்டுக்குள் குழாய் மாதிரி ஒரு வழி இருக்கிறது. கால்களுக்கு வரும் நரம்புகள் அதற்குள்ளேதான் இறங்குகின்றன. வயது ஐம்பது, அறுபது ஆகும்போது எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு தேய்ந்து பிதுங்கும், மூட்டு தடிக்கும், தசைநார் மொத்தமாகும். அப்போது வழி குறுகி நரம்பு நெருக்கப்படுகிறது. பாரம் தூக்காதவர்களுக்கும் இது வரும். இருபது, முப்பது வருடம் கொழுந்துக் கூடை சுமந்த முதுகுக்கும், கவ்வாத்து வெட்டியும் மருந்துத் தாங்கி சுமந்தும் பழகிய முதுகுக்கும் வந்தால் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

இந்த வருத்தத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. அதை நம் மலையிலேயே பார்க்கலாம். ஏற்றத்தில் ஏறும்போது அவ்வளவு கஷ்டம் தெரியாது. இறக்கத்தில் இறங்கும்போதுதான் பின்பக்கமும் தொடையும் கெண்டைக்காலும் கடுக்கும், மரத்துப்போகும். ஏறும்போது முன்னால் குனிகிறோம், அப்போது அந்த வழி கொஞ்சம் அகலும். இறங்கும்போது உடம்பு பின்னால் சாயும், வழி இன்னும் ஒடுங்கும். மடுவத்தில் நிறுவைக்கு வரிசையில் நிற்க முடியாது, ஆனால் கல்லில் குந்தினால் சில நிமிடத்தில் சுகம் வரும். இப்படி இருந்தால் டொக்டரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். வெறுமனே "முதுகு வலி" என்று சொன்னால் மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். குந்தாமல், சும்மா நின்றாலே கால்வலி விடுகிறது என்றால் அது இரத்தக் குழாய் அடைப்பாகவும் இருக்கலாம். சீனி வருத்தம் உள்ளவர்களும் புகைப்பவர்களும் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இனி ஸ்கேன் விஷயம். படத்தைப் பார்த்துப் பயந்து நகையை அடகு வைக்க ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1990இல் அமெரிக்காவில் ஒரு வலியும் இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் அறுபது வயதைக் கடந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இந்த ஒடுக்கம் இருந்தது. ஆகவே படத்தில் ஒடுக்கம் இருப்பது மட்டும் கத்தி வைக்கக் காரணம் ஆகாது. எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, இரவில் தூங்க முடிகிறதா என்பதுதான் கணக்கு.

பொறுக்கக் கூடாத நேரமும் உண்டு. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போனாலோ, மலம் கட்டுப்படாவிட்டாலோ, குந்தும் இடமும் மறைவிடமும் மரத்துப்போனாலோ, காலில் பலம் நாளுக்கு நாள் குறைந்து பாதம் தொங்கினாலோ அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெண்கள் வெட்கப்பட்டு இதைச் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். அப்படி இருக்காதீர்கள். நரம்பு செத்தபின் ஆபரேஷன் செய்தாலும் முழுதாகத் திரும்பி வருவது கஷ்டம். எண்ணெய் போட்டு முறுக்குகிறவரிடம் அந்த நேரத்தில் போகவே கூடாது.

மற்றவர்களுக்குப் பெரும்பாலும் அவசரம் இல்லை. பலருக்கு வருடக்கணக்கில் நிலைமை ஒரே மாதிரி இருக்கும், சிலருக்குக் குறையும், சிலருக்குக் கூடும். 2015இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், ஆபரேஷனுக்குச் சம்மதித்த 169 பேரை இரண்டு பங்காகப் பிரித்து ஒரு பங்குக்கு ஆபரேஷனும் மறு பங்குக்கு உடற்பயிற்சி சிகிச்சையும் என்று வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே நிலைமை. ஆனால் பயிற்சிப் பக்கம் இருந்தவர்களில் பாதிக்கு மேல் இடையில் ஆபரேஷனுக்குப் போய்விட்டார்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆகவே முதலில் சில மாதம் பயிற்சியை ஒழுங்காகச் செய்து பார்ப்பதில் நட்டமில்லை. இரண்டு பஸ் ஏறிப் போகும் தூரத்தில் கிளினிக் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். ஒரு தடவை போய்ப் படித்துக்கொண்டு, லயத்துக் காம்பராவில் பாய் விரித்துச் செய்யக்கூடிய பயிற்சிகளைக் கேட்டு வாங்குங்கள்.

ஆபரேஷன் என்றால் நரம்பை நெருக்கும் எலும்பையும் தசைநாரையும் பின்பக்கமாகக் கொஞ்சம் செதுக்கி எடுப்பது. சிலருக்கு ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து எலும்புகளைச் சேர்த்துப் பூட்டுவார்கள். 2016இல் சுவீடனில் 247 பேரை வைத்துப் பார்த்தபோது, வெறுமனே செதுக்கியவர்களை விடப் பூட்டியவர்கள் அதிகம் சுகமடையவில்லை. எலும்பு வழுக்கி அசைகிற சிலருக்குப் பூட்டுவது தேவைப்படலாம். ஆகவே "எனக்கு ஏன் ஸ்க்ரூ?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

இதனால் சுகப்படுவது முக்கியமாகக் கால்வலியும் நடையும்தான். முதுகு வலி அந்தளவு போகாது. நரம்பு உறை கிழிவது, கிருமி தொற்றுவது, இரத்தம் கட்டுவது, பிறகு மறுபடி செய்ய வேண்டி வருவது என்ற ஆபத்துகளும் உண்டு. சீனி, பிரஷர், இரத்தக் குறைவு இருந்தால் அவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும். புகைப்பவர்கள் நிறுத்த வேண்டும்.

இனிதான் எங்களுக்கு மனசில் உறுத்துகிற விஷயம். "அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்தால் எப்போது பேருக்குப் போகலாம்?" என்பதுதான் பல வீடுகளில் முதல் கேள்வி. எங்கள் கிளையில் ஓர் அக்கா பத்து நிமிடம் நிற்க முடியாமல் இருந்தார். ஆபரேஷன் செய்தார். இன்றைக்குக் கோயிலுக்கும் கடைக்கும் தானாக நடந்து போகிறார். அவர் ஆசைப்பட்டது அதற்குத்தான், அது கிடைத்தது. ஆனால் கூடையை எடுக்கவில்லை. வீட்டார் அதை எதிர்பார்த்திருந்தார்கள், அதனால் கொஞ்ச நாள் மனஸ்தாபமும் இருந்தது. இன்னொருவர் பயிற்சியோடும் ஊன்றுகோலோடும் சமாளித்து, ஆபரேஷன் வேண்டாம் என்று இருக்கிறார். இரண்டு பேருமே தாங்களே முடிவெடுத்தவர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பாரம் தூக்க மாதக்கணக்காகும், சிலர் திரும்பவே தூக்கக் கூடாது. அந்த மாதங்களில் அடுப்பு எப்படி எரியும் என்பதை மகன், மகள், மருமகள் எல்லாரும் உட்கார்ந்து முன்கூட்டியே பேச வேண்டும். தோட்டத்தில் இலேசான வேலை கேட்பதற்கு டொக்டரின் கடிதம் வேண்டும். அதன் பிரதியைத் தலைவரிடமும் கொடுங்கள். வேலையை விடுவதென்றால் கடிதத்தில் கையெழுத்து வைக்கும் முன் சங்கத்துக்கு வாருங்கள். ஐந்து வருடம் வேலை செய்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் என்று பணிக்கொடை சேர வேண்டும். 1983ஆம் ஆண்டின் சட்டம் அது. நிரந்தரமாக வேலை செய்ய முடியாது என்று வைத்தியச் சான்றிதழ் இருந்தால், வயது வரும் முன்பே சேமலாப நிதிக்கும் விண்ணப்பிக்கலாம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் கட்டணம் இல்லை. தவணைக்குக் காத்திருக்க வேண்டி வரும். வெளியில் வாங்க வேண்டிய பொருள் ஏதும் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். சம்மதப் படிவம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழிதான். விளங்காமல் கைநாட்டு வைக்காதீர்கள்.

கிளினிக்குக்குத் தனியாகப் போகப் பயப்படுகிறவர்கள், சிங்களம் பேசத் தெரியாதவர்கள் தங்கள் மாதர் கிளைத் தலைவியிடம் பெயர் கொடுங்கள். கிளினிக் கொப்பி, பழைய ஸ்கேன், குடிக்கிற மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்து வையுங்கள். கூட வருவதற்கு ஆள் ஏற்பாடு செய்கிறோம்.