கடல் விலகிப் போன கொற்கை



ஆறு கடலோடு கலக்கும் இடத்தை முகத்துவாரம் என்கிறோம். மலாய் மொழியில் குவாலா என்பார்கள். அப்படியொரு முகத்துவாரத்து ஊரைப் பற்றி இன்று சொல்கிறேன்.

தமிழ்நாட்டில், தூத்துக்குடி மாவட்டத்தில், ஏரலுக்குப் பக்கத்தில் இருக்கிறது கொற்கை. சிறிய ஊர்தான். சுற்றிலும் வயல், வாழை, ஒரு பழைய வன்னி மரம். இதுதான் ஒரு காலத்தில் பாண்டியரின் துறைமுகம் என்றால் நம்புவீர்களா? கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலொன்று இவ்வூரைக் கொல்கி என்று குறித்து, இங்கு நடந்த முத்துக்குளிப்பையும் சொல்கிறது. 1870களில் கால்டுவெல் பாதிரியாரும், 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறையினரும் தோண்டிப் பார்த்தார்கள். சங்கும் சிப்பியும் கிடைத்தன.

ஆனால், கடல் இன்று 6, 7 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஏன்?

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, வரும் வழியெல்லாம் மண்ணைச் சுமந்து வருகிறது. கடலைத் தொட்டதும் வேகம் குறைகிறது, சுமையை இறக்கிவிடுகிறது. நூற்றாண்டுக் கணக்கில் வண்டல் படியப் படியத் துறை தூர்ந்தது. கப்பல்கள் கிழக்கே காயலுக்குப் போயின. மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் கண்டது அந்தக் காயலைத்தான். பின்பு அதுவும் தூர்ந்து, முகத்துவாரத்துப் புன்னைக்காயல் தலையெடுத்தது.

மலையில் இருக்கும் நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நம் தெலோம் ஆறும் ஜெலாயில் சேர்ந்து, பகாங் ஆறாகி, பெக்கான் பக்கம் கடலில் விழுகிறது. நம் மண்ணும் ஓடும். அதைக் காண அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 1960களில் கட்டிய ரிங்லெட் நீர்த்தேக்கத்தில், மலைச்சரிவை வெட்டித் திறந்த இடங்களிலிருந்து வந்த மண் மேடிட்டுவிட்டது. தண்ணீர் நிற்க இடம் குறைந்தது. 2013 அக்டோபரில் பெருமழை பெய்து அணையைத் திறந்தபோது, கீழே பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று.

கொற்கையில் பல நூறு ஆண்டில் நடந்தது, இங்கே ஐம்பது ஆண்டில் நடந்தது.

நெருக்கமாக நிற்கும் தேயிலைச் செடி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கவாத்து வெட்டிய கிளைகளை நிரையிலேயே விட்டால் மழை நேரே மண்ணில் அடிக்காது. வீட்டுக்குப் பின்னால் கீரை போடுகிறவர்கள் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே வெட்டுங்கள். மேலிருந்து கீழாக வெட்டாதீர்கள். நாளை மழை பெய்தால், பிள்ளைகளே, வாய்க்கால் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வையுங்கள். அடியில் தங்குவது எவ்வளவு என்று பாருங்கள்.