சம்பளப் பாக்கி என்பது நாம் கொடுக்கும் கடன்

(கொமரலிங்கத்தில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விமானிகள் சங்கத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் ஒரு தம்பி கேட்டார்: "ஏனுங்கண்ணா, கொமரலிங்கத்துல யாருங்க விமானி? இங்க எல்லாரும் மில் வண்டிக்கு ஓடுறவங்கதானுங்களே?" நியாயமான கேள்வி. இது சங்கரின் ஊர். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் அவரை வெட்டிக் கொன்றார்கள். இந்த ஊரில் நின்றுகொண்டு சாதியைப் பேசாமல் விமானத்தைப் பேசுவதா என்று கேட்டால், நான் சாதியைப் பேசத்தான் வந்திருக்கிறேன். நொடித்துப் போகும் கம்பெனியில் தொழிலாளி ஏன் தோற்கிறான் என்று தேடிப் போனால், கடைசியில் அங்கேதான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். ஜெட் ஏர்வேஸ் ஒரு காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களை ஓட்டிய கம்பெனி. அதன் விமானிகளுக்கு நேஷனல் ஏவியேட்டர்ஸ் கில்டு என்று ஒரு சங்கம் இருந்தது. 2009இல் சங்கம் வைத்த விமானிகளை நிர்வாகம் வேலையை விட்டு நீக்கியது. மற்ற விமானிகள் மொத்தமாக உடம்பு சரியில்லை என்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஐந்து நாள் நூற்றுக்கணக்கான விமானங்கள் பறக்கவில்லை. நீக்கப்பட்டவர்களை நிர்வாகம் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அவ்வளவு பலம் அவர்களுக்கு இருந்தது. விமானி இல்லாமல் விமானம் எழும்பாது. தெருவில் இருந்து இன்னொருவரைக் கூட்டிவந்து உட்கார வைக்கவும் முடியாது.

அதே சங்கம் பத்தே ஆண்டில் என்ன ஆனது? 2018இல் கம்பெனி நட்டத்தில் தள்ளாடியபோது ஊதியத்தைக் குறைத்துக்கொள்ளச் சொன்னது நிர்வாகம். விமானிகள் மறுத்தார்கள். சரிதான். ஆனால் அடுத்து சம்பளம் தவணையில் வந்தது. பிறகு தள்ளிப் போனது. 2019 ஜனவரி முதல் விமானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் சம்பளமே வரவில்லை. ஏப்ரல் 1 முதல் பறக்க மாட்டோம் என்றது சங்கம். புதிய முதலீட்டுக்கு இடம் கொடுப்போம் என்று அதை ஏப்ரல் 15க்குத் தள்ளி வைத்தது. அப்போதும் தள்ளி வைத்தது. 1,500 கோடி அவசரக் கடனை விடுவியுங்கள் என்று ஸ்டேட் வங்கியைக் கெஞ்சியது. வங்கிகள் கொடுக்கவில்லை. ஏப்ரல் 17 இரவோடு கம்பெனி நின்றுபோனது.

"ஸ்டிரைக் பண்ணினா கம்பெனியை மூடிடுவாங்க" என்று நம் ஊரில் சொல்வார்கள். அங்கே கடைசி நேரத்தில் ஸ்டிரைக்கும் பண்ணவில்லை. மூடியும்விட்டார்கள். வாடகை கட்டாததால் விமானங்களை ஒவ்வொன்றாக அதன் சொந்தக்காரர்கள் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். ஓட்ட விமானம் இல்லாதபோது "ஓட்ட மாட்டேன்" என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு? மெஷின் ஓடுகிறவரைதான் தொழிலாளிக்குப் பலம். 2019 ஏப்ரலில் வேலைநிறுத்தம் செய்திருந்தால் கம்பெனி பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. பலம் இருந்த மாதங்களில் எதையும் எழுதி வாங்காமல் காத்திருந்தார்கள் என்கிறேன்.

சம்பளத்தை நிறுத்தி வைத்தால் அதற்குப் பெயர் கடன். வங்கி கடன் கொடுத்தால் சொத்தை அடமானம் வாங்குகிறது, வட்டி போடுகிறது. தொழிலாளி மூன்று மாதச் சம்பளத்தை விட்டு வைத்தால் பத்திரமும் இல்லை, வட்டியும் இல்லை. அந்த வித்தியாசம் கம்பெனி நொடித்த பிறகுதான் தெரியும்.

2016இல் வந்த திவால் சட்டம் என்ன சொல்கிறது? கம்பெனியின் கதியைத் தீர்மானிப்பது கடன் கொடுத்தவர்கள் குழு. அதில் வாக்கு வங்கி போன்ற நிதிக் கடன்காரர்களுக்குத்தான். இருபது வருடம் உழைத்தவருக்கு வாக்குக் கிடையாது. கம்பெனியைக் கலைத்து விற்றால், கலைக்கும் செலவு போக, தொழிலாளர் என்று சட்டம் ஏற்பவர்களின் 24 மாதப் பாக்கி அடமானக் கடன்காரர்களோடு ஒரே வரிசையில் நிற்கும். மற்ற ஊழியர்களின் 12 மாதப் பாக்கி அதற்கும் கீழே. ஜெட் வழக்கு 2019 ஜூனில் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2024 நவம்பர் 7 அன்று கம்பெனியைக் கலைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டது. வருங்கால வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் கொடுத்தாக வேண்டும் என்று 2022 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் ஓர் உத்தரவு வந்தது. அதுவும் ஊழியர், பொறியாளர் சங்கங்கள் வழக்காடி வாங்கியதுதான்.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. 2011 நவம்பரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திவால் மனு போட்டது. அங்கே கடன்காரர் குழுவில் விமானிகள், விமானப் பணிப்பெண்கள், தரைப் பணியாளர்கள் ஆகிய மூன்று சங்கங்களுக்கும் இடம் இருந்தது. நிர்வாகம் ஒப்பந்தங்களை வெட்டப் பார்த்தபோது, 2012 ஏப்ரலில் மூன்று சங்கங்களும் சேர்ந்து போட்டிக் கம்பெனியான யுஎஸ் ஏர்வேஸோடு பேசி, இணைப்புக்கு ஆதரவு கொடுத்தன. விமானிகளின் பழைய ஒப்பந்தத்தைக் கைவிட நீதிமன்றம் பிறகு அனுமதித்தது உண்மைதான். அவர்கள் நிறைய இழந்தார்கள். ஆனால் புதிய ஒப்பந்தத்தில் கம்பெனியின் பங்கில் 13.5 விழுக்காடு வாங்கினார்கள். அடுத்த ஆண்டு இணைப்பும் நடந்தது. விட்டுக்கொடுப்பது தவறில்லை தோழர்களே. எதையும் வாங்காமல் விட்டுக்கொடுப்பதுதான் தவறு.

அங்கே மூன்று சங்கங்களும் சேர்ந்து போனதைக் கவனியுங்கள். ஜெட்டில் விமானிக்கு ஒரு சங்கம், பொறியாளருக்கு ஒரு சங்கம், மற்ற ஊழியருக்கு ஒரு சங்கம். கம்பெனி ஒன்றாகத்தான் மூழ்கியது.

இப்போது என் கதையைச் சொல்ல வேண்டும். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருந்தேன். சனிக்கிழமை சம்பளம் இரண்டு வாரம் தள்ளியது. முதலாளி "ஷிப்மென்ட் காசு வரட்டும்" என்றார். டெய்லர்களும் கட்டிங் மாஸ்டர்களும் டீக்கடையில் கூடினோம். செக்கிங் பெண்களையும் கைமடிப் பிள்ளைகளையும் கூப்பிடவில்லை. "அவங்க எதுக்கு?" என்று ஒருவர் சொன்னார், நாங்கள் தலையாட்டினோம். அந்தப் பெண்களில் பலர் காலனியில் இருந்து வந்தவர்கள். அந்த "அவங்க" என்ற சொல்லுக்குள் வேலை மட்டும் இல்லை, சாதியும் இருந்தது. முதலாளிக்கு அது போதும். கட்டிங் மாஸ்டர்களுக்குப் பாதிச் சம்பளம் கொடுத்து அமைதியாக்கினார். நாங்கள் நாளை, நாளை என்று காத்திருந்தோம். ஒரு திங்கட்கிழமை போனால் மெஷின்கள் இல்லை. எங்களுக்கு ஐந்து வாரம் போச்சு. அந்தப் பெண்களுக்கு ஏழு வாரம். அவர்களுக்கு அதற்கு முன்பே இரண்டு வாரம் நிற்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கம்பெனி சாய்வது ஒரு மாதம் முன்பே தெரிந்திருக்கும்.

இதை அம்பேத்கர் மும்பை ஆலைகளில் பார்த்தார். கூலி அதிகமான தறிப் பகுதியில் தீண்டப்படாதவர்களை விடமாட்டார்கள். நாடாவில் நூலை வாயால் உறிஞ்ச வேண்டும், எச்சில் பட்டால் தீட்டு என்று உடன் வேலை செய்கிற தொழிலாளியே தடுத்தான். 1928 வேலைநிறுத்தத்தின்போது அந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கையாக வைக்கச் சொல்லிப் போராடினார். வேலைநிறுத்தத்தையே எதிர்த்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த உரிமையை முடக்கும் மசோதாவை எதிர்த்து 1938 நவம்பர் 7 அன்று மும்பையில் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து வேலைநிறுத்தம் நடத்தியவர் அவர். தனக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்ற நிம்மதியில் மேலே இருப்பவனை எதிர்க்க மறந்துவிடுகிறோம் என்பதுதான் படிநிலைச் சமத்துவமின்மை பற்றி அவர் நமக்குச் சொன்னது.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. எந்தத் தொழிலிலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலே அது வேலைநிறுத்தம். ஆகவே மெஷின் ஓடும்போதே, முதல் சம்பளம் தள்ளும்போதே நாம் பேசத் தொடங்க வேண்டும்.

நாளை காலை மில் வண்டியில் ஏறும்போது ஒன்று செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம், குறிப்பாக உங்களைவிடக் குறைந்த கூலி வாங்குபவரிடம் கேளுங்கள்: "உங்களுக்கு எத்தனை வாரம் பாக்கி நிக்குது?" கேட்டதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாங்கள் அன்றைக்குக் கேட்காமல் விட்டது அந்தக் கேள்வியைத்தான்.