நரம்பு வழியே நடக்கும் நஞ்சு

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



நமது கோயில்களில் வைரவருக்கு வாகனமாக நிற்பது நாய். அதே நாயின் வாயில் யமனும் குடியிருக்கக்கூடும் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். வைரவர், வைரசு என்னும் சொற்களின் ஓசை ஒற்றுமை தற்செயலானது. அதைக் கொண்டு புராணம் கட்ட எவரும் புறப்பட வேண்டாம்.

துறைமுகத்தை அண்டி வாழும் நமக்கு நாய் அந்நியமன்று. மீன் இறக்கும் துறையிலும் சந்தை வாசலிலும் அது நம் காலடியிலேயே கிடக்கிறது. 1973ஆம் ஆண்டில் விசர்நாய்க்கடி நோயால் இலங்கையில் இறந்தோர் 377 பேர். நாய்களுக்குத் தடுப்பூசி இட்டு இட்டு, அண்மைய ஆண்டுகளில் அத்தொகை 20, 30 என்னும் அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஆயினும் நோயின் குறி ஒருமுறை தோன்றிவிட்டால் பிழைப்பவர் மிக மிக அரிது. அந்த நிலை அன்றுபோலவே இன்றும் இருக்கிறது.

இந்த நோயில் ஒரு விந்தை உண்டு. கடிபட்டவர் புண் ஆறி நலமாகத் திரிகிறார். தொழிலுக்குப் போகிறார், திருவிழாவுக்கும் போகிறார். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங் கழித்து ஒருநாள் தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகி நடுங்குகிறார். இடைப்பட்ட நாட்களில் அந்த நஞ்சு எங்கே இருந்தது? "இரத்தத்தில் கலந்து தலைக்கு ஏறியது" என்று நம்மில் பலர் சொல்வர். இரத்தம் உடலைச் சுற்றிவர ஒரு நிமிடம் போதும். அந்த வழியாயின் மாதக் கணக்கு எதற்கு?

இக்கேள்விக்கு விடை கண்ட வரலாறே நாம் சொல்ல விரும்புவது. 1881இல் லூயி பாஸ்ரரும் அவர் துணைவர் ரூவும் நோயுற்ற விலங்கின் மூளையில் நஞ்சு உண்டெனக் காட்டினர். 1885 யூலை 6ஆம் நாள் 9 வயதுச் சிறுவன் யோசேப்பு மைஸ்ரருக்கு முதல் ஊசி போடப்பட்ட கதை பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. அதற்குச் சில ஆண்டுகளின் பின் இத்தாலியரான டி வெஸ்தியா, சகாரி என்னும் இருவர் முயலின் கால் நரம்பிலே நஞ்சைச் செலுத்திப் பார்த்தனர். வாதம் அந்தக் காலிலேயே தொடங்கியது. நரம்பை இடையிலே துண்டித்தபோது நோய் தடைப்பட்டது. வழி இரத்தமன்று, நரம்பே என்பது இவ்வாறு துலங்கிற்று. சீவகாருணியம் பேசும் நமக்கு அந்த முயல்களை நினைக்க மனம் நோகத்தான் செய்கிறது. ஆயினும் நம் பிள்ளைகளின் உயிர் அவற்றின் கடனில் நிற்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

வழி தெரிந்தது; நடை தெரியவில்லை. நரம்பு என்பது ஒரு கயிறு போலத் தோன்றினும், உண்மையில் அது எண்ணற்ற நரம்புக் கலங்களின் இழைகள் சேர்ந்த கட்டு. கலத்தின் உடல் முள்ளந்தண்டின் அருகே இருக்கும். அதன் ஒற்றை இழையோ கால் விரல்வரை நீளும். அவ்விழைக்குள் நஞ்சு எவ்வாறு போகிறது என்று உயிருள்ள உடலில் பார்ப்பது எங்ஙனம்?

1977இல் கம்பெனோ என்னும் அறிஞர் ஓர் எளிய உபாயம் கண்டார். தட்டொன்றின் அடியில் உழவன் சால் ஓட்டுவதுபோல் மெல்லிய கீறல்கள் இட்டார். அதன்மேல் மூன்று அறைகளாகத் தடுத்த ரெப்லோன் சட்டமொன்றை வைத்து, அடியைச் சிலிக்கன் பசையால் அடைத்தார். நடு அறையில் எலிக் குஞ்சின் நரம்புக் கலங்களை நட்டார். இழைகள் சால் வழியே பசைக்கு அடியால் நுழைந்து பக்கத்து அறைகளுக்கு வளர்ந்தன. நீரோ அறைக்கு அறை கசியவில்லை. கலத்தின் உடல் ஓர் அறையில், இழையின் நுனி மற்றோர் அறையில்! எவ்வளவு சிக்கனமான அறிவு!

பாரிசிலுள்ள பாஸ்ரர் நிலையத்தின் சியாங் என்பவர் 1980களில் சுவீடன் நாட்டு லிக்கேயுடன் சேர்ந்து இத்தகைய தட்டில் விசர் வைரசை இழையின் நுனியுள்ள அறையில் மட்டும் இட்டார். அது நடு அறையிலுள்ள கலவுடலிற் போய்த் தோன்றியது. தூரத்தையும் நேரத்தையும் கணித்தபோது எலி நரம்பில் நாளொன்றுக்கு 12 முதல் 24 மில்லிமீற்றர் எனக் கிடைத்தது. பின்னர் மனித நரம்புக் கலங்களில் பார்த்தபோது 50 முதல் 100 மில்லிமீற்றர்.

இங்கே நம் வேலியிற் பூக்கும் செடி ஒன்றும் வந்து நுழைகிறது. மாரியில் படர்ந்து தீப்போலப் பூக்கும் கார்த்திகைப் பூச்செடியின் கிழங்கு நஞ்சென்பது நம் பாட்டிமார் அறிந்த செய்தி. அதிலுள்ள கொல்கிசின் என்னும் பொருள் கலத்தினுள் தண்டவாளம்போல் ஓடும் நுண்குழாய்களைக் கலைத்துவிடும். அதை இழைக்கு ஊட்டியதும் வைரசின் பயணம் நின்றது. ஆகவே வைரசு நீந்திப் போவதில்லை. தண்டவாளத்தில் ஏறிப் போகிறது.

2008இல் செருமனியில் வைரசுக்கே இருநிற ஒளிச் சாயம் ஏற்றி, அது இழையினுள் ஓடுவதை நுணுக்குக்காட்டியில் நேரே கண்டனர். 2014இல் இஸ்ரவேலில் செய்த ஆய்வு இன்னும் சுவையானது. நரம்பு தன் வளர்ச்சிக்கான பொருளை நுனியிலிருந்து ஏற்றிச் செல்ல வைத்திருக்கும் வண்டியிலேயே வைரசு ஏறிக்கொள்கிறது. அதுமட்டுமன்று, வண்டியை வழமையிலும் விரைவாக ஓட்டுகிறது! திருடன் வீட்டுக்காரனின் வண்டியை அவனிலும் நன்றாக ஓட்டுகிறான்.

இனி நாம் ஒரு கணக்குப் போடுவோம். காலிற் கடித்தால் முள்ளந்தண்டுவரை ஏறத்தாழ ஒரு மீற்றர். நாளுக்கு 50 முதல் 100 மில்லிமீற்றர் என்றால் 10 முதல் 20 நாள். நோயோ இரண்டு மூன்று மாதங் கழித்தே வருகிறது. எஞ்சிய நாட்களில் அது எங்கே தங்குகிறது? பெரும்பாலும் கடிபட்ட இடத்துத் தசையிலேதான் என விலங்குகளில் செய்த சோதனைகள் காட்டின. ஏற்றிய காலைப் பின்னர் வெட்டி நீக்கியபோது எலிகள் பல பிழைத்தன.

புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவச் சொல்வதன் பொருள் இதுதான். ஆழக் கடித்தால் புண்ணைச் சுற்றியே பிறபொருளெதிரி மருந்தை ஊசியாற் செலுத்துவதன் பொருளும் இதுவே. வைரசு இன்னும் படலைக்கு வெளியே நிற்கிறது. வண்டியில் ஏறியபின் மருந்து அதனை எட்டாது. மஞ்சளும் சுண்ணாம்பும் பூசி, பார்வை பார்த்து, நாய் என்ன ஆகிறதென்று காத்திருக்கும் வழக்கம் நம்மூரில் இன்னும் ஒழியவில்லை. பெரியோர்கள் பொறுத்தருள்க. மந்திரத்தில் நம்பிக்கையுள்ளவர் ஊசி போட்டபின் ஓதுவிக்கட்டும். ஊசிக்கு முன் செலவிடும் ஒவ்வொரு நாளும் வைரசின் கணக்கிற் சேர்கிறது. ஒரு கீறல்தானே என்று சிறுவர் வீட்டில் மறைப்பதும் உண்டு. தாய்மார் அவர்களை அடிக்காமற் கேட்டால் சொல்வார்கள்.

சந்தேகமான நாய் இறந்தால் வெறுங் கையால் தொடாது பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ மிருக வைத்தியருக்கோ அறிவிக்க வேண்டும். தலையைப் பனிக்கட்டியிற் பொதிந்து கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்புவர். நம்மிடமிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். அங்கே மூளையிலிருந்து சிறு துளியைக் கண்ணாடியில் ஒற்றி, ஒளிச் சாயம் ஏற்றிய பிறபொருளெதிரியைச் சொரிகின்றனர். கோல்ட்வாசரும் கிஸ்லிங்கும் 1958இல் வகுத்த முறை இது. வைரசு இருந்தால் இருளில் பச்சைப் புள்ளிகள் மின்மினிபோல் ஒளிரும். விடை வரும்வரை ஊசியை நிறுத்தி வைப்பதில்லை. நாயில் நோயில்லை என்று தெரிந்தால் வைத்தியரே எஞ்சிய ஊசிகளை நிறுத்திவிடுவார்.